சிப்பில் இன்னும் மிச்சமிருக்கிறதா?

விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் திடீரென்று நின்றுபோகும்போது மைக்ரோசாஃப்டுக்கு ஓர் அறிக்கை போகும். அப்படி வந்த அறிக்கைகளில் சில அங்கிருந்த பொறியாளர்களைத் திகைக்க வைத்தன. ப்ராசஸருக்குள் எண்ணை வைத்திருக்கும் ஒரு ரெஜிஸ்டரைப் பூஜ்யமாக்கும் கட்டளையில் போய் இயந்திரம் விழுந்திருந்தது. அந்தக் கட்டளை ரேமைத் தொடாது, எதையும் வகுக்காது. இருக்கிற எண்ணை அதே எண்ணோடு சேர்த்துப் பூஜ்யம் ஆக்குவது மட்டும்தான் அதன் வேலை. அதில் பிழை வர வழியே இல்லை. அந்நிறுவனத்தின் மூத்த புரோகிராமர் ரேமண்ட் சென் 2005-இல் இதைப் பற்றி எழுதினார். விசாரித்துப் பார்த்தால் அவை ஓவர்கிளாக் செய்யப்பட்ட, அதாவது ப்ராசஸரைக் குறித்த வேகத்துக்கு மேல் ஓடவிட்ட கம்ப்யூட்டர்கள். சில உரிமையாளர்களுக்கு அது தெரியவே தெரியாது. சிறு கடைக்காரர்கள் மலிவான ப்ராசஸரை வேகம் கூட்டி, விலை உயர்ந்ததுபோல் தலையில் கட்டியிருந்தார்கள். இருபது ஆண்டுகள் கழித்தும் கேம் ஆடுகிறவர்களிடையே ஓவர்கிளாக் மோகம் குறையவில்லை. யூடியூபைத் திறந்தால் 'இலவச பெர்ஃபார்மன்ஸ்' என்று கூவும் வீடியோக்கள் வரிசைகட்டுகின்றன. அதில் இலவசம் என்று எதுவும் இருந்ததில்லை. முன்பு கொடுத்த விலைக்குக் கைநிறையக் கிடைத்தது. இன்று அதே விலைக்குக் கிடைப்பது சொற்பம். ஆகவே கேமுக்காக டெஸ்க்டாப் வைத்திருப்பவர் இன்று கூட்ட வேண்டியது கிளாக்கை அல்ல. குறைக்க வேண்டியது வோல்டேஜையும் சூட்டையும். இதுதான் இந்தக் கட்டுரையின் வாதம்.

முதலில் சிப்புக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம். கிளாக் 5 கிகாஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 500 கோடி துடிப்பு. ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையே 200 பிகோசெகண்ட். அந்த அவகாசத்துக்குள் ஒரு சிக்னல் கிளம்பி, நடுவிலுள்ள டிரான்சிஸ்டர்களைக் கடந்து, சேர வேண்டிய இடத்தில் சேர்ந்து நிலைகொள்ள வேண்டும். இருக்கிற பாதைகளிலேயே மெதுவான பாதை எதுவோ, அதுதான் சிப்பின் வேகத்துக்கு எல்லை. கிளாக்கை 5.5-க்கு ஏற்றினால் அவகாசம் சுமார் 182 பிகோசெகண்டாகச் சுருங்குகிறது. நேரத்துக்கு வராத சிக்னலுக்காகச் சிப் காத்திருக்காது. அந்தக் கணத்தில் என்ன இருக்கிறதோ அதையே விடையாக எடுத்துக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விடும். அந்தத் தப்பான விடை முக்கியமான முகவரியில் விழுந்தால் நீலத்திரை வருகிறது. திரையில் ஒரு புள்ளியின் நிறத்தில் விழுந்தால் யாருக்கும் தெரியாது. சேமித்துக்கொண்டிருக்கும் ஃபைலில் விழுந்தால், தெரியவரும்போது காலம் கடந்திருக்கும். சிக்னலை விரைவுபடுத்த வோல்டேஜைக் கூட்டலாம். எல்லோரும் செய்வது அதைத்தான். ஆனால் சிப் உண்ணும் மின்சாரம் கிளாக்கின் விகிதத்திலும், வோல்டேஜின் வர்க்கத்தின் விகிதத்திலும் ஏறும். இரண்டையும் 10 சதவீதம் கூட்டினால் மின்சாரம் 33 சதவீதம் கூடுகிறது. அத்தனையும் சூடாகத்தான் வெளியே வந்தாக வேண்டும். சூடு ஏறினால் கசிவு மின்சாரம் ஏறும், அது இன்னும் சூட்டைக் கூட்டும். கூடுதல் வோல்டேஜும் கூடுதல் சூடும் சேர்ந்து டிரான்சிஸ்டருக்கு வயதாவதையும் துரிதப்படுத்துகின்றன.

இவ்வளவு தெரிந்தும் ஒரு காலத்தில் ஓவர்கிளாக் நல்ல பேரமாகத்தான் இருந்தது. 1998-இல் இன்டெல் வெளியிட்ட செலரான் 300ஏ அதற்குப் பேர்போன உதாரணம். மதர்போர்டு தரும் 66 மெகாஹெர்ட்ஸை நாலரையால் பெருக்கி 300-இல் ஓடும் மலிவு ப்ராசஸர் அது. மதர்போர்டை 100 மெகாஹெர்ட்ஸுக்கு மாற்றினால் அதே நாலரைப் பெருக்கலில் 450. தானாக வேகத்தைக் கண்டுபிடிக்கும் போர்டுகளை ஏமாற்ற, ப்ராசஸர் அட்டையில் பி21 என்ற ஒரே ஒரு தொடுமுனையைச் சின்ன டேப் துண்டால் மறைத்தார்கள். அவ்வளவுதான் செலவு. பல மடங்கு விலையுள்ள பென்டியம் 2-வின் 450 மெகாஹெர்ட்ஸுக்குக் கேம்களில் அது ஈடுகொடுத்தது. அடுத்து ஏஎம்டியின் அத்லான், டியூரான் சிப்களில் லேசரால் வெட்டப்பட்டிருந்த இணைப்புகளைப் பென்சில் முனையால் தீட்டிச் சேர்த்துப் பூட்டைத் திறந்தார்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் கோர் 2 குவாட் கியூ6600, பஸ் வேகத்தை 266-இலிருந்து 333-க்கு மாற்றிய மாத்திரத்தில் 3 கிகாஹெர்ட்ஸ் ஆனது. 2011-இல் வந்த கோர் ஐ5-2500கே, டர்போவில் 3.7-ஐத் தொடும் சிப். நல்ல ஏர் கூலர் போட்டவர்கள் அதைச் சர்வசாதாரணமாக 4.5-இல் ஓட்டினார்கள்.

குறித்த வேகத்துக்கும் எட்டிய வேகத்துக்கும் இடையே இந்த இடைவெளி எங்கிருந்து வந்தது? ஒரே தட்டில் வார்த்தாலும் எல்லா இட்லியும் ஒன்றுபோல் வருவதில்லை. ஒரே சிலிக்கான் வேஃபரில் அச்சாகும் சிப்களும் அப்படித்தான். அவற்றைச் சோதித்து, தரம் பிரித்து, வேறு வேறு எண்களில் விற்கிறார்கள். மலிவு ரகத்துக்குத் தேவை அதிகமாக இருந்தபோது, உயர்ந்த தரத்தில் தேறிய சிப்புக்கும் தாழ்ந்த எண்ணைக் குத்தி விற்றார்கள். போதாததற்கு, தூசி அடைத்த கேபினெட், மட்டமான பவர் சப்ளை, பத்தாண்டு உழைப்பு என்று மோசமான சூழலை எல்லாம் கணக்கிட்டு எல்லாச் சிப்புக்கும் ஒரே வேகத்தைப் பாதுகாப்பாக நிர்ணயித்தார்கள். ஓவர்கிளாக் செய்தவர்கள் எடுத்தது இந்தப் பாதுகாப்பு மிச்சத்தைத்தான். அது சோம்பேறித்தனத்தால் விட்டுவைத்த வேகம் என்ற எண்ணம் அப்போதும் தவறு. தன் கேபினெட் சுத்தம், தன் கூலர் பெரிது என்று தெரிந்தவர், தனக்குத் தேவையில்லாத பாதுகாப்பை வேகமாக மாற்றிக்கொண்டார், அவ்வளவுதான்.

அந்த மிச்சத்தை இன்று கம்பெனிகளே எடுத்து விற்றுவிட்டன. 2008-இல் டர்போ பூஸ்ட்டாகத் தொடங்கியது, இன்று ஒவ்வொரு கோரின் தரம், சூடு, மின்சாரம் மூன்றையும் நொடிக்குப் பலமுறை அளந்து, முடிந்தமட்டும் வேகத்தைத் தானே ஏற்றிக்கொள்ளும் ஏற்பாடாக வளர்ந்திருக்கிறது. 2018-இன் கோர் ஐ9-9900கே பெட்டியிலிருந்து எடுத்தபடியே 5 கிகாஹெர்ட்ஸைத் தொட்டது. 2023 அக்டோபரில் வந்த ஐ9-14900கே தொட்டது 6.0, அடுத்த மார்ச்சில் வந்த 14900கேஎஸ் 6.2. அதற்குமேல் வீட்டுக் கூலரை வைத்துக்கொண்டு என்ன எடுத்துவிட முடியும்? 9 கிகாஹெர்ட்ஸைத் தாண்டியவர்கள் உண்டு. அவர்கள் சிப்பின்மேல் ஊற்றியது திரவ ஹீலியம். அது பந்தய விளையாட்டு. சில நிமிடச் சாதனை. அதை வீட்டில் கேம் ஆடுவதோடு முடிச்சுப் போடக் கூடாது.

மிச்சம் தீர்ந்துபோனதற்கு 2024-ஐவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை. இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசஸர்கள் வைத்திருந்தவர்களின் கேம்கள் விழத் தொடங்கின. குறிப்பாக அன்ரியல் எஞ்சினில் அமைந்த கேம்கள் தொடங்கும்போதே, கிராபிக்ஸ் கார்டில் மெமரி போதவில்லை என்று ஒரு செய்தி வரும். கார்டில் மெமரி தாராளமாக இருக்கும். உண்மையில் நடந்தது வேறு: கேம் தன் ஷேடர்களைப் பிரித்துத் தயார்செய்யும்போது ப்ராசஸர் கணக்கைத் தப்பாகப் போட்டது, அந்தப் பிழை வேறொரு வேடத்தில் திரைக்கு வந்தது. சுருக்கிய தரவை விரிக்கும் ஊடில் என்ற மென்பொருளைத் தயாரிக்கும் ராட் கேம் டூல்ஸ், கோளாறு தங்கள் கோடில் இல்லை, ப்ராசஸரில் என்று வெளிப்படையாகவே அறிவித்தது. முதலில் பழி மதர்போர்டுகள்மேல் விழுந்தது. அதில் நியாயமும் இருந்தது. 253 வாட் என்று இன்டெல் குறித்த உச்ச வரம்பைச் சில போர்டுகள் 4096 வாட் என்று வைத்திருந்தன. அதாவது வரம்பே கிடையாது. பிறகுதான் இன்டெல், சிப்புக்குள் ஓடும் தன் மைக்ரோகோடும் தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டுக்கொண்டிருந்ததை ஒப்புக்கொண்டது. கோருக்குள் கிளாக்கைப் பகிர்ந்தளிக்கும் சர்க்யூட் ஒன்று, உயர் வோல்டேஜிலும் சூட்டிலும் வேகமாகத் தேய்ந்து, சிப் இயங்கத் தேவையான குறைந்தபட்ச வோல்டேஜே உயர்ந்துபோனது. ஆகஸ்ட் 2024-இல் வந்த 0எக்ஸ்129 மைக்ரோகோடு, 1.55 வோல்ட்டுக்கு மேல் கேட்பதைத் தடுத்தது. செப்டம்பரில் 0எக்ஸ்12பி வந்தது. வாரன்டியை இரண்டு ஆண்டு நீட்டித்தார்கள். ஏற்கெனவே தேய்ந்த சிப்பை எந்த அப்டேட்டும் மீட்காது என்பதையும் சொன்னார்கள். சிப்பை வடிவமைத்தவர்களே, அதன் எல்லை எங்கே என்று கணிப்பதில் இப்படிச் சறுக்கியிருக்கிறார்கள். அதற்கு மேலும் 200 மெகாஹெர்ட்ஸ் ஏற்றிப் பார்க்கிறேன் என்பவர் எந்த அளவுகோலை நம்பி ஏற்றுகிறார்? அந்த ஆண்டு அக்டோபரில் வந்த அடுத்த தலைமுறை கோர் அல்ட்ரா 9 285கே-யின் உச்சம் 5.7 கிகாஹெர்ட்ஸ். இன்டெலே கீழே இறங்கிவிட்டது.

சரி, ஆபத்து இருக்கட்டும், கேமில் பலன் கிடைத்தால் போதும் என்பார்கள். பலனைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். 144 ஹெர்ட்ஸ் மானிட்டருக்கு ஒரு ஃப்ரேம் தயாராக 6.94 மில்லிசெகண்ட் அவகாசம். அந்த வேலையில் ஒரு பங்கு ப்ராசஸருக்கு, ஒரு பங்கு கிராபிக்ஸ் கார்டுக்கு. இரண்டில் எது மெதுவோ அதுதான் ஃப்ரேம் எண்ணிக்கையைத் தீர்மானிக்கும். 4கே திரையில், எல்லா அலங்காரங்களையும் போட்டு ஆடுகிறவருக்குப் பெரும்பாலும் மூச்சு வாங்குவது கார்டுதான். அங்கே ப்ராசஸரை எவ்வளவு விரட்டினாலும் ஒரு ஃப்ரேம்கூடக் கூடாது. வேலரன்ட், கவுன்டர்ஸ்டிரைக் மாதிரியான போட்டி கேம்களைக் குறைந்த ரெசல்யூஷனில் ஆடுகிறவருக்கு ப்ராசஸர் முக்கியம், மறுக்கவில்லை. அவருக்கும் 4 சதவீதம் கிளாக் கூடினால், முழுப் பலன் வந்தாலும் மிச்சமாவது 0.27 மில்லிசெகண்ட். முழுப் பலன் வராது என்பதுதான் உண்மை. சிப்பிலேயே இருக்கும் சிறு நினைவகமான கேஷில் இல்லாத தரவை ரேமிலிருந்து கொண்டுவரச் சுமார் 70, 80 நானோசெகண்ட் ஆகும். 5 கிகாஹெர்ட்ஸ் ப்ராசஸர் அதற்காக 350, 400 துடிப்புகள் சும்மா நிற்கிறது. கிளாக்கை ஏற்றினால், அதே நேரத்தில் இன்னும் அதிகத் துடிப்புகள் சும்மா நிற்கும்.

ஏஎம்டி இதைப் புரிந்துகொண்டு 2022 ஏப்ரலில் ரைசன் 7 5800எக்ஸ்3டியைக் கொண்டுவந்தது. அதே குடும்பத்தின் 5800எக்ஸ் 4.7 கிகாஹெர்ட்ஸைத் தொடும், இது 4.5 மட்டும். ஆனால் மூன்றாம் நிலை கேஷ் 32 மெகாபைட்டிலிருந்து 96 ஆகியிருந்தது. கிளாக்கில் தோற்ற இந்தச் சிப் பெரும்பாலான கேம்களில் தன் அண்ணனை முந்தியது. ஓவர்கிளாக் செய்ய முடியாதபடி பூட்டியும் விற்றார்கள், ஏனென்றால் அடுக்கி வைத்த கேஷ் கூடுதல் வோல்டேஜைத் தாங்காது. கேமுக்கு மிகச் சிறந்த ப்ராசஸர் என்று அப்போது பெயரெடுத்தது ஓவர்கிளாக்கே செய்ய முடியாத ஒன்று! கேமுக்கும் கிளாக்குக்கும் உள்ள உறவு எவ்வளவு தளர்ந்துவிட்டது என்பதற்கு இதற்கு மேல் அத்தாட்சி தேவையில்லை.

அப்படியென்றால், கிளாக், வோல்டேஜ் செட்டிங்குகள் உள்ள பயாஸைத் தொடவே வேண்டாமா? தொடலாம், வேறு திசையில். ஒவ்வொரு சிப்புக்கும் கம்பெனி கொஞ்சம் கூடுதலாகவே வோல்டேஜ் வைத்திருக்கும். அதைப் படிப்படியாகக் குறைத்தால் சூடு குறையும். சூடு குறைந்தால் பூஸ்ட் தானாகவே இன்னும் கொஞ்ச நேரம் உச்சத்தில் நிற்கும். வோல்டேஜை 7 சதவீதம் இறக்கினால், அதே கிளாக்கில் மின்சாரம் சுமார் 13 சதவீதம் குறைகிறது. ஏஎம்டியில் இதற்குக் கர்வ் ஆப்டிமைசர், இன்டெலில் வோல்டேஜ் ஆஃப்செட். அடுத்தது ரேம். 6000 என்று அட்டையில் போட்ட டிடிஆர்5 குச்சியை வாங்கி, அந்த வேகத்தை அமல்படுத்தும் எக்ஸ்போவையோ எக்ஸ்எம்பியையோ பயாஸில் ஆன் செய்யாமலே வருடக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் ஏராளம். கிளாக்கோடு மல்லுக்கட்டுவதைவிட அந்த ஒரு சொடுக்கில் கேமுக்கு அதிகம் கிடைக்கும். ஆனால் அதுவும் கம்பெனிக் கணக்கில் ஓவர்கிளாக்தான், எச்சரிக்கை தேவை. 2023 ஏப்ரலில் ரைசன் 7000எக்ஸ்3டி சிப்கள் சில, சாக்கெட்டோடு சேர்ந்து கருகின. எக்ஸ்போவை ஆன் செய்ததும் சில போர்டுகள் சிப்பின் மெமரி கன்ட்ரோலர் பகுதிக்கான எஸ்ஓசி வோல்டேஜைத் தாறுமாறாக ஏற்றியதுதான் காரணம். பிறகு ஏஎம்டி அதை 1.3 வோல்ட்டில் கட்டிப்போட்டது. பயாஸில் 'ஆட்டோ' என்று இருப்பதெல்லாம் பத்திரம் என்று நம்பிவிடக் கூடாது.

வோல்டேஜைக் குறைப்பதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. பெரும்பாலோர் கோட்டைவிடுவது இங்கேதான். சோதனை மென்பொருளான சினிபெஞ்சை அரைமணி ஓட்டினேன், பிரைம்95-ஐ இரவு முழுக்க ஓட்டினேன், ஒன்றும் ஆகவில்லை என்பார்கள். மறுநாள் பிரவுசரில் எதையோ படித்துக்கொண்டிருக்கும்போது கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகும். எல்லாக் கோரும் முழுச் சுமையில் இருக்கும்போது பூஸ்ட் கீழே இறங்கியிருக்கும். ஆபத்தான உச்ச கிளாக் வருவது ஒன்றிரண்டு கோர் மட்டும் லேசாக வேலை செய்யும்போது. கேமும் அப்படித்தான் சிப்பை ஆட்டிவைக்கிறது. சுமை கணத்துக்குக் கணம் ஏறி இறங்கும், ஒவ்வொரு இறக்கத்திலும் வோல்டேஜ் துள்ளும். எனவே ஒவ்வொரு கோராக மாற்றி மாற்றிச் சோதிக்கும் கோர்சைக்ளர், ரேமுக்கு மெம்டெஸ்ட்86, இவற்றோடு வழக்கமாக ஆடும் கேமையே சில நாள் ஆடிப் பார்ப்பது, எல்லாம் சேர்ந்தால்தான் ஓரளவு நம்பலாம். விண்டோஸின் ஈவென்ட் வியூவரைத் திறந்து, டபிள்யூ.எச்.இ.ஏ. லாகர் என்ற பெயரில் எண் 19 பதிவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வன்பொருள் ஒரு பிழை செய்து தானே திருத்திக்கொண்டது என்பதற்கான குறிப்பு அது. திரையில் ஒன்றுமே தெரிந்திருக்காது. அந்தப் பதிவு ஒன்று இருந்தாலும் அந்த செட்டிங் தேறவில்லை என்றே கொள்ள வேண்டும்.

நம் ஊருக்கென்று கூடுதலாக ஒரு கணக்கு உண்டு. கூலர் எவ்வளவு பெரிதானாலும் சிப்பை அறைச் சூட்டுக்குக் கீழே இறக்காது. அறைச் சூட்டின்மேல் எத்தனை டிகிரி என்பதுதான் அதன் கணக்கு. வெளிநாட்டு விமர்சனங்களில் வரும் எண்கள் இருபத்துச் சொச்சம் டிகிரி அறையில் எடுத்தவை. மே மாதத்தில் சென்னையிலோ வேலூரிலோ ஏசி இல்லாத அறை 35-ஐத் தாண்டும். அங்கே 80 என்று காட்டிய சிப் இங்கே 90-ஐத் தாண்டும். மார்கழியில் சோதித்துத் தேறிய செட்டிங் சித்திரையில் தேறும் என்பதற்கு உத்தரவாதமில்லை.

கேம் விழுந்தால் என்ன, திரும்பப் போட்டுக்கொண்டால் போயிற்று என்கிற வாதமும் உண்டு. கேமுக்கு மட்டுமே கம்ப்யூட்டர் என்றால் ஒப்புக்கொள்ளலாம். ஆனால் நம் வீடுகளில் அதே டெஸ்க்டாப்பில்தான் பிள்ளையின் புராஜெக்ட், கல்யாண போட்டோ, வங்கிக் கணக்கு எல்லாம் இருக்கின்றன. விழுவதைவிட மோசமானது, விழாமல் தப்பாக எழுதுவது. ஃபேஸ்புக் பொறியாளர்கள் 2021-இல் வெளியிட்ட ஆய்வில் ஓர் உதாரணம் வருகிறது. சுருக்கிய ஃபைல்களை விரிக்கும்போது சில காணாமல் போயின. தேடித் தேடி ஒரு சிப்பின் ஒரே ஒரு கோரில் வந்து நின்றார்கள். 1.1-ஐ 53 முறை பெருக்கினால் முழு எண்ணாக 156 வர வேண்டும். அந்தக் கோர் பூஜ்யம் என்றது. ஃபைலின் அளவு பூஜ்யம் என்று விடை வந்ததால், அப்படி ஒரு ஃபைலே இல்லை என்று மென்பொருள் முடிவுகட்டிவிட்டது. மற்றபடி அந்தக் கோர் ஒழுங்காகவே வேலை செய்துகொண்டிருந்தது. அது ஓவர்கிளாக் செய்த சிப் அல்ல, டேட்டா சென்டரில் விதிப்படி ஓடிய சிப் என்று ஆட்சேபிக்கலாம். ஆமாம். விதிப்படி ஓடுவதற்கே இந்தக் கதி என்றால், அவகாசத்தை வேண்டுமென்றே சுருக்கிய சிப்பை எதைக் கொண்டு நம்புவது?

வீட்டுக் கம்ப்யூட்டர்களைப் பற்றியும் கணக்கு இருக்கிறது. பத்து லட்சம் பேரின் கம்ப்யூட்டர்களை எட்டு மாதம் கவனித்து மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் 2011-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒரு கம்பெனியின் ப்ராசஸர்களில், குறித்த வேகத்தில் ஓடியவற்றில் 400-இல் ஒன்று ப்ராசஸர் கோளாறால் விழுந்தது. ஓவர்கிளாக் செய்தவற்றில் 21-இல் ஒன்று. இன்னொரு கம்பெனியில் வித்தியாசம் நான்கு மடங்குக்கும் மேல். குறித்த வேகத்துக்கும் கீழே ஓடியவை இரண்டையும்விட உறுதியாக இருந்தன. பழைய புள்ளிவிவரம்தான், இன்றைய சிப்களுக்கு அந்த விகிதத்தை அப்படியே பொருத்த முடியாது. ஓவர்கிளாக் செய்கிறவர் கம்ப்யூட்டரை மற்ற வகையிலும் படுத்தியிருப்பார் என்ற சந்தேகத்தையும் ஒதுக்க முடியாது. ஆனால் மிச்சம் தாராளமாக இருந்த காலத்திலேயே நிலைமை அதுதான்.

இன்னும் ஓர் ஆட்சேபம் நியாயமானது: கையில் இருப்பது பழைய கம்ப்யூட்டர், புதிதாக வாங்கப் பணமில்லை. அவருக்கு என் பதில் வேறு. 2500கே, 4690கே மாதிரிச் சிப்களில் மிச்சம் இன்னும் இருக்கிறது. போனாலும் பெரிய நஷ்டமில்லை. முதலில் காய்ந்துபோன தெர்மல் பேஸ்டை மாற்றி, நல்ல கூலர் போட்டு, முக்கியமான ஃபைல்களை வேறிடத்தில் நகல் எடுத்துவிட்டு, நூறு நூறு மெகாஹெர்ட்ஸாக ஏற்றலாம். கடைசியாகத் தேறிய இடத்திலிருந்து ஒரு படி கீழே இறங்கி நிற்க வேண்டும். பொழுதுபோக்காக, சிப்பைப் புரிந்துகொள்ளும் ஆசையில் செய்கிறவர்களோடும் சண்டையில்லை. வாரன்டி போகும் என்று தெரிந்தே செய்கிறார்கள்.

ப்ராசஸர் வைத்திருப்பவர்களுக்கும், புதிதோ கைமாறியதோ வாங்கப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறையில் 65 வாட்டும் அதற்கு மேலுமான டெஸ்க்டாப் சிப் உங்களிடம் இருந்தால், வேறு எதையும் மாற்றுவதற்கு முன்னால் பயாஸை அப்டேட் செய்து, மைக்ரோகோடு 0எக்ஸ்12பி அல்லது அதற்குப் பிந்தையதா என்று சரிபாருங்கள். ஏற்கெனவே கேம்கள் விழுகின்றன என்றால் வோல்டேஜைக் கூட்டிச் சமாளிக்காதீர்கள், வாரன்டியில் மாற்றிக் கேளுங்கள். சென்னை ரிச்சி தெருவிலோ இணையத்திலோ பழைய ஐ9 மலிவாகக் கிடைத்தால், பில்லோடு கிடைக்கிறதா என்று கேளுங்கள். தேய்ந்த சிப்பும் தேயாத சிப்பும் கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும்.